வாளின் நுனியும் ஓட்டை வாயும்

கோத்தகிரியிலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கும் கேள்வி இது. மொழிபெயர்ப்புத் தாளில் ஓர் ஆங்கில வாக்கியம் வந்ததாம்: தாத்தாவிடம் சில ‘ஃபாய்பிள்’கள் (foible) இருந்தன, வீட்டில் எல்லோருக்கும் அவை பழகிப்போயிருந்தன என்று. இவர் ‘பலவீனங்கள்’ என்று எழுதினார். தோழி ‘குற்றங்கள்’ என்று எழுதினார். இரண்டு தாளிலும் அந்த இடத்தில் சிவப்புச் சுழி. சரியான சொல் எது என்று எழுதப்படவில்லை. அந்தச் சொல்லுக்கு என்னதான் பொருள், எங்கிருந்து வந்தது, தமிழில் எப்படிச் சொல்வது?

சுழி போட்டவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. குன்னூரில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவன் நான். விடை தெரியாமலே சுழி போட்ட நாட்கள் எனக்கும் உண்டு. இந்தச் சொல்லுக்கே ஒருமுறை போட்டிருக்கிறேன்.

முதலில் பொருளைப் பார்த்துவிடலாம். அதற்கு அகராதியைவிட ஓர் ஆள் உதவுவார். குன்னூர் பெட்போர்டில் நான் டீ குடிக்கும் கடைக்கு ஒரு பெரியவர் வருவார். தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். யாருக்காவது ஆஸ்பத்திரிக்குத் துணை வேண்டும் என்றால் முதல் ஆளாகக் கிளம்புவார். நூறு, இருநூறு கைமாற்றுக் கேட்டால் மறு பேச்சில்லாமல் எடுத்துக் கொடுப்பார். ஆனால் குடையை மட்டும் யாருக்கும் தரமாட்டார். ஐப்பசி மழையில் கடைக்குள் மாட்டிக்கொண்ட எவராவது, “அண்ணே, குடையைக் கொஞ்சம் கொடுங்கள், அஞ்சு நிமிஷத்தில் வந்துவிடுகிறேன்” என்றால் முகம் மாறிவிடும். கொஞ்ச நேரம் தரையைப் பார்ப்பார். பிறகு, “வா, நானே கொண்டுபோய் விடுகிறேன்” என்று எழுந்து, கேட்டவரோடு அரை மைல் நடந்து, அவரை வீட்டு வாசலில் விட்டுவிட்டு, அதே குடையோடு பாதி நனைந்து திரும்பி வருவார். ஆறிப்போன டீயை மறுபடி சுடவைத்துத் தரச் சொல்வார்.

இதுதான் ஃபாய்பிள். நல்ல மனிதரிடம் இருக்கும், பெரிதாக யாரையும் கெடுக்காத, அவராலும் விட முடியாத ஒரு சின்னப் பிடிப்பு அல்லது தளர்வு. இதற்கு நான் வைத்திருக்கும் சோதனை ஒன்று: அந்த ஆள் பக்கத்தில் இருக்கும்போதே அதைச் சொல்லிச் சிரிக்க முடிய வேண்டும், அவரும் கூடச் சிரிக்க வேண்டும். குடைக்காரர் சிரிப்பார். அவரே குடிக்கிறவராக இருந்து, மனைவியின் வளையலை அடகு வைத்திருந்தால் யாரும் சிரிக்கமாட்டோம். அதற்கு ஆங்கிலத்தில் வேறு சொல் இருக்கிறது, தமிழில் நிறையவே இருக்கிறது.

ஒரு தடவை செய்துவிட்ட சின்னத் தப்புக்கும் இந்தச் சொல் பொருந்தாது. அதற்கு ஸ்பானிஷ் மொழியிலிருந்து ஆங்கிலம் வாங்கிக்கொண்ட ‘பெக்கடில்லோ’ இருக்கிறது. ‘பெக்காடோ’ என்றால் பாவம். ‘பெக்கடில்லோ’ என்றால் குட்டிப் பாவம். அது செயலுக்கு உரியது, ஃபாய்பிள் சுபாவத்துக்கு உரியது. பரீட்சையில் இந்த வேறுபாட்டை எழுதினால் எந்த ஆசிரியரும் சுழி போடமாட்டார் என்று நம்புகிறேன்.

இனிப் பிறப்பு. இந்தச் சொல் வாள் வித்தையிலிருந்து வந்தது. 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய மேட்டுக்குடி ஆண்கள் நடனத்தைப் போலவே வாள் வீச்சையும் வாத்தியார் வைத்துக் கற்றார்கள். அந்தப் பாடத்தில் வாளின் அலகை இரண்டாகப் பிரிப்பார்கள். கைப்பிடியிலிருந்து நடுப்பகுதிவரை ‘ஃபோர்ட்’, அதாவது வலுவான பாதி. நடுவிலிருந்து நுனிவரை ‘ஃபாய்பிள்’, வலுவற்ற பாதி. எதிராளியின் வீச்சைத் தடுக்கும்போது உன் வாளின் அடிப்பாதியால் அவன் வாளின் நுனிப்பாதியை வாங்க வேண்டும் என்பது பாலபாடம். கைக்குப் பக்கத்தில் இருக்கும் இரும்பு கை சொன்னபடி கேட்கும். தள்ளியிருக்கும் இரும்பை எதிராளி சின்ன அழுத்தத்திலேயே ஒதுக்கிவிடுவான். நெம்புகோல் கணக்குதான், வேறொன்றும் இல்லை.

எனக்கு இது விளங்கியது தேயிலைக் காட்டில். நாலைந்து ஆண்டுக்கு ஒருமுறை தேயிலைச் செடியைக் கவாத்து செய்வார்கள். (இந்தச் சொல்லும் வேடிக்கையானது. உருது வழியாக வந்தது. வெலிங்டன் மைதானத்தில் சிப்பாய்கள் அணிவகுத்துச் செய்வதும் கவாத்து, அதற்கு எதிர்ச் சரிவில் செடிகளை ஒரே மட்டத்துக்கு வெட்டி நிறுத்துவதும் கவாத்து.) இப்போது பெரும்பாலும் இயந்திரம் வந்துவிட்டது. நான் சொல்வது கத்தியால் வெட்டிய காலம். பள்ளி விடுமுறையில் ஒரு கவாத்துக்காரர் பின்னால் நடந்துகொண்டிருந்தவன், கத்தியை வாங்கி ஒரு கொப்பை வெட்டிப் பார்த்தேன். கொப்பு அறுபடவில்லை, நாராகக் கிழிந்து தொங்கியது. மணிக்கட்டு வலித்தது. அவர் கத்தியை வாங்கி, பிடிக்கு மேலே நாலு விரல் வைத்துக் காட்டினார். “வெட்டு இங்கே விழ வேண்டும் தம்பி.” பிறகு நுனியைக் காட்டி, “இது சும்மா கூட வருகிறது” என்றார். அலகின் ஃபாய்பிளுக்கு இதைவிட நல்ல விளக்கத்தை எந்த அகராதியிலும் நான் படித்ததில்லை.

வாளில் இருந்த சொல் மனிதனுக்குத் தாவ நெடுங்காலம் ஆகவில்லை. அலகின் பகுதி என்ற பொருள் 1640களில் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது; குணத்தின் பலவீனம் என்ற பொருள் 1670களிலேயே வந்துவிட்டது. கூடப் பிறந்த ‘ஃபோர்ட்’டும் அதே வழியில் போனது. ‘பாட்டு அவருடைய ஃபோர்ட்டே’ என்று இன்று சொல்கிறார்களே, அது வாளின் அடிப்பாதிதான். அதன் கடைசியில் ஒட்டியிருக்கும் ‘ஏ’ ஓசை பிரெஞ்சில் கிடையாது. 18ஆம் நூற்றாண்டில் இத்தாலியச் சங்கீதச் சொல்லைப் பார்த்து யாரோ ஒட்டவைத்தது, அப்படியே நின்றுவிட்டது.

அப்படித் தாவிய காலத்தில் லண்டன் எப்படி இருந்தது என்பதும் தெரிந்துகொள்ள வேண்டியது. பிரான்சில் அடைக்கலம் இருந்த இரண்டாம் சார்லஸ் 1660இல் திரும்பி வந்து அரியணை ஏறியதும் பிரெஞ்சு மோகம் தலைக்கேறியது. அந்த மோகத்தைக் கிண்டல் செய்து ஜான் டிரைடன் எழுதிய நாடகம் ஒன்று 1673இல் அச்சானது. அதில் ஒரு பகட்டுக்காரி வருகிறாள். தினமும் காலையில் அவளுடைய தோழிப்பெண் புதுப் பிரெஞ்சுச் சொற்களைப் பட்டியலாகக் கொண்டுவந்து ஒப்பிக்க வேண்டும். அன்றைய பேச்சில் அவற்றைப் போட்டு அசத்துவதற்காக. நல்ல சொல்லாகக் கிடைத்தால் தன் உடைகளையே பரிசாகக் கழற்றிக் கொடுத்துவிடுவாள். அந்தப் பட்டியலில் இருக்கும் சொற்களில் ஒன்று ‘ஃபாய்பிள்’. ‘கிரிமேஸ்’, ‘ரிடிக்யூல்’ ஆகியவையும் அதே பட்டியலில் இருக்கின்றன. அன்று அவை பகட்டு, இன்று பள்ளிக்கூடத்து ஆங்கிலம். ஆக, சின்னச் சின்ன மனப்பலவீனங்களைக் குறிக்கும் சொல்லை ஆங்கிலத்துக்குள் கொண்டுவந்ததில் ஒரு சின்ன மனப்பலவீனத்துக்கே பங்கு இருக்கிறது. 1700இல் மேடையேறிய வில்லியம் காங்கிரீவின் நாடகத்தில் ஒரு பணிப்பெண்ணுக்குப் பெயரே ஃபாய்பிள். அதற்குள் பார்வையாளர்கள் எல்லோருக்கும் அந்தச் சொல் புரிந்துவிட்டது என்று அர்த்தம்.

பிரெஞ்சு தெரிந்தவர்கள், புதுச்சேரிப் பக்கம் படித்தவர்கள், இங்கே ஒரு கேள்வி கேட்பார்கள். பிரெஞ்சில் பலவீனமான என்பதற்கு ‘ஃபேப்ல்’ என்றுதானே சொல்கிறோம், ‘ஃபாய்பிள்’ எங்கே இருக்கிறது என்று. சரியான கேள்வி. ஆங்கிலம் கடன் வாங்கியபோது பிரெஞ்சுக்காரர்களே அந்தச் சொல்லை ‘ஓ, ஐ’ என்ற இரண்டு எழுத்தை வைத்துத்தான் எழுதினார்கள். வாயில் ஓசை மாறிவிட்டது. எழுத்து மாற அடம்பிடித்தது. பிரெஞ்சு அகாடமி 1835 பதிப்பு அகராதியில்தான் எழுத்தை ஓசைக்கு ஏற்ப மாற்றியது. ஆங்கிலம் அதற்கு முன்பே வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டதால், அங்கே பழைய எழுத்தே தங்கிவிட்டது. எழுத்தைப் பார்த்து உச்சரிப்பும் அமைந்துவிட்டது. நம் ஊர்த் தேயிலைப் பொட்டலங்களில் ‘கானசர்’ என்று ருசி அறிந்தவரைக் குறித்து அச்சடிக்கிறார்களே, அந்தச் சொல்லின் ஆங்கில எழுத்திலும் இதே பழைய ‘ஓ, ஐ’ இருக்கிறது. பிரெஞ்சில் இப்போது அதை வேறு மாதிரி எழுதுகிறார்கள். தாய்வீட்டில் இடித்துக் கட்டிவிட்டார்கள். மகள் வீட்டில் பழைய கதவு இன்னும் இருக்கிறது.

பலவீனமான என்று பொருள்படும் ‘ஃபீபிள்’ என்ற சொல்லும் இதே சொல்தான். அது 12ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே, பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குள் வந்தது. ஐந்நூறு ஆண்டுகளுக்குக் கொஞ்சம் குறைவான இடைவெளியில் ஒரே சொல் இரண்டு தடவை இரண்டு வேஷத்தில் வந்திருக்கிறது. தமிழில் இதற்கு இணை உண்டு: நேயமும் சிநேகமும் ஒரே வடசொல்லிலிருந்து வந்தவை. ஒன்று எப்போதோ வந்து தமிழ் உடுத்திக்கொண்டது, மற்றது வந்த உடுப்போடு நிற்கிறது. இரண்டுக்கும் பொருளில் ஒரு சின்ன இடைவெளி விழுந்துவிட்டது. அதேபோல, நோயாளி ‘ஃபீபிள்’. குடைக்காரருக்கு இருப்பது ‘ஃபாய்பிள்’.

இன்னும் ஒரு படி கீழே இறங்கினால் லத்தீன். ‘ஃப்ளேபிலிஸ்’ என்ற சொல். ‘ஃப்ளேரே’ என்றால் அழுதல். ‘ஃப்ளேபிலிஸ்’ என்றால் அழுவதற்கு உரிய, பார்த்தால் அழுகை வருகிற என்று பொருள். அதில் இருந்த இரண்டு லகரங்களில் ஒன்று, இரட்டிப்பு நாக்குக்குச் சிரமம் என்று வழியில் உதிர்ந்துபோனது. பொருள் நடந்த பாதைதான் எனக்குப் பிடித்தது: அழத்தக்கவன், பரிதாபத்துக்குரியவன், தெம்பில்லாதவன், வாளின் தெம்பில்லாத பாதி, கடைசியில் மனிதனின் சிரிக்கத்தக்க சின்னக் குறை. அழுகையில் தொடங்கிய சொல் சிரிப்பில் வந்து நிற்கிறது.

இது ஏதோ ஐரோப்பிய விசித்திரம் என்று நினைக்க வேண்டாம். ‘பாவம்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். வடமொழியில் அது தீவினை, நரகத்துக்குச் சீட்டு. தமிழிலும் ‘பாவம் செய்தவன்’ என்னும்போது அந்தப் பொருள் இருக்கிறது. ஆனால் ஒரு நாளைக்கு நூறு தடவை நாம் சொல்லும் ‘ஐயோ பாவம்’ எந்தத் தீவினையையும் குறிப்பதில்லை. ‘அவர் பாவம், சண்டை போடத் தெரியாது’ என்றால், அந்த மனிதர் செய்த பாவம் ஒன்றுமே இல்லை என்று அர்த்தம். லத்தீன்காரன் கண்ணீரிலிருந்து போன இடத்துக்கு நாம் தீவினையிலிருந்து வந்து சேர்ந்திருக்கிறோம்.

சரி, தமிழுக்கு வருவோம். கேள்வியின் கனமான பகுதி இதுதான்.

‘பலவீனம்’ ஏன் பொருந்தவில்லை? அந்தச் சொல் வடமொழி ‘பலஹீனம்’; ஹீனம் என்றால் இல்லாமை. பலம் இல்லாமை. காய்ச்சலில் படுத்து எழுந்தவனுக்கு இருப்பது பலவீனம், கட்டடத்தின் அஸ்திவாரத்துக்கு இருப்பது பலவீனம், எதிர்க்கட்சிக்கு இருப்பது பலவீனம். குணத்தைக் குறித்து அதைச் சொல்லும்போது இன்னொரு சிக்கல். ‘அவருக்கு ஒரு பலவீனம் உண்டு’ என்று குரலைத் தாழ்த்திச் சொன்னால் கேட்பவர் மனத்தில் குடை வராது. வேறு ஏதேதோ வரும். ‘சபலம்’ அதைவிட மோசம். சலிக்கிற, நிலைகொள்ளாத என்ற பொருளில் தொடங்கிய வடசொல், இப்போது பேத்தி கல்யாணத்துக்கு வந்திருக்கும் தாத்தாவைப் பற்றிச் சொல்லவே கூடாத சொல்லாகிவிட்டது. ‘மசால் வடை என்றால் எனக்கு ஒரு பலவீனம்’ என்று சிலர் எழுதுகிறார்கள். அது ஆங்கிலத்தைத் தமிழ் எழுத்தில் எழுதுவது. மசால் வடை என்றால் உயிர் என்பான் தமிழன். என் விஷயத்தில் அது வர்க்கி. சுடச்சுட டீயில் தோய்த்த வர்க்கியைக் கண்டால் மருத்துவர் சொன்னதெல்லாம் மறந்துவிடும்.

தோழி எழுதிய ‘குற்றம்’ பழைய தமிழில் பொருந்தியிருக்கும். திருக்குறளில் 44ஆம் அதிகாரம் குற்றங்கடிதல். அங்கே முதல் இரண்டு குறளில் குற்றம் என்று எண்ணப்படுபவை செருக்கு, சினம், கஞ்சத்தனம், அளவு மீறிய மகிழ்ச்சி போன்றவை. எல்லாமே சுபாவங்கள், அரசனுக்குச் சொன்னதால் கண்டிப்பு அதிகம். ‘தினைத்துணையாங் குற்றம்’ என்று 433இல் வருகிறது. அப்படியென்றால் தினையளவுக் குற்றமும் அன்று குற்றம்தான். இன்று அந்தச் சொல் காக்கி உடுத்திக்கொண்டுவிட்டது. குற்றம், குற்றவாளி, குற்றப்பத்திரிகை, குற்றப்பிரிவு. தாத்தாவிடம் சில குற்றங்கள் இருந்தன என்று எழுதினால், தாத்தா ஜாமீனில் வந்திருக்கிறார் என்றுதான் இன்றைய வாசகன் படிப்பான். சுழி நியாயமே.

‘குறை’ இன்னும் நெருக்கம். ஆனால் அதற்கு இரண்டு பக்கம் வேலை. என்னிடம் இருப்பதும் குறை, எனக்கு இருப்பதும் குறை. திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுவோடு நிற்பவர்கள் தங்கள் முன்கோபத்தைத் தீர்த்துக்கொள்ள வந்தவர்கள் அல்லர். ‘தாத்தாவுக்குச் சில குறைகள் இருந்தன’ என்றால் ஓய்வூதியம் ஒழுங்காக வரவில்லை என்றும் பொருள் கொள்ளலாம். ‘தாத்தாவிடம் சில குறைகள்’ என்று வேற்றுமை உருபை மாற்றினால் பிழைத்துக்கொள்ளும். முன்னால் ‘சின்னச் சின்ன’ போட்டால் இன்னும் நல்லது.

‘சில்லறைத்தனம்’ என்று என்னிடம் படித்த ஒரு பையன் எழுதினான். அளவு சரி, தொனி தப்பு. சில்லறைத்தனத்தில் இளக்காரம் இருக்கிறது. சொல்கிறவர் மூக்கைச் சுளித்துக்கொண்டு சொல்வது. ஃபாய்பிளைச் சொல்கிறவர் உதட்டோரம் சிரித்துக்கொண்டு சொல்கிறார். ‘நொட்டை’ என்று ஒன்று இருக்கிறதே என்பீர்கள். அது பார்க்கப்படுகிறவரைவிடப் பார்க்கிறவரைத்தான் அதிகம் காட்டிக்கொடுக்கும். எல்லாவற்றுக்கும் நொட்டை சொல்கிறாள் என்றால் குறை அவளிடம்தான்.

அப்படியானால் தமிழில் இதற்குச் சொல்லே இல்லையா? ஒற்றைப் பெயர்ச்சொல்லாக இல்லை என்பது என் முடிவு. அதற்காக யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. தமிழன் இதைப் பெயர்ச்சொல்லில் வைக்கவில்லை, உடம்பில் வைத்தான். ஐரோப்பியன் வாளைப் பார்த்து இது வலுவான பாதி, இது வலுவற்ற பாதி என்று கோடு போட்டதைப் போல, நாம் ஆளையே பார்த்து, எந்த உறுப்பில் தளர்வு என்று விரல் வைத்துச் சொல்கிறோம்.

ரகசியம் தங்காதவருக்கு ஓட்டை வாய். இதில் எந்தத் திட்டும் இல்லை. பானையில் ஓட்டை இருந்தால் தண்ணீர் ஒழுகும், அவ்வளவுதான். கல்யாணப் பேச்சு முடிவாகும்வரை சித்தியிடம் சொல்லாதே, அவளுக்கு ஓட்டை வாய் என்பார்கள். முடிவானதும் முதல் பத்திரிகை அதே சித்திக்குத்தான். சட்டென்று கோபப்படுகிறவருக்குக் கோபம் மூக்கு நுனியில். கவனியுங்கள், நுனியில்! வாளின் ஃபாய்பிளும் நுனிப்பக்கம்தான் இருக்கிறது. இரண்டு மொழியும் பேசிவைத்துக்கொண்டதில்லை. நுனி என்பது எங்கேயும் சீக்கிரம் ஆடுகிற இடம். ஊர் சுற்றுகிறவர் காலில் சக்கரம் கட்டியவர். ருசிக்கு அலைபவருக்கு நாக்கு நீளம். செலவாளிக்குக் கையில் காசு நிற்காது. சிக்கனக்காரருக்குக் கை இறுக்கம். அது முற்றினால் எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர். சாப்பிட்ட கையை உதறினால் பருக்கை விழும், அதைக் காக்கை தின்றுவிடும் என்ற கணக்கு! ஒரு குணத்தை இவ்வளவு கிட்டத்தில் வைத்துப் பார்த்து வர்ணித்த சொற்றொடர் உலகத்தில் அதிகம் இருக்காது.

உறுப்பில் சொன்ன எல்லாமே ஃபாய்பிள் ஆகிவிடாது. கை நீளம் என்றால் திருட்டு. அது போலீஸ் விவகாரம். வாய் நீளம் மரியாதைக் குறைவு. தாத்தாவுக்கு இருந்தால் ரசிக்கப்படும், மருமகளுக்கு இருந்தால் பஞ்சாயத்து நடக்கும். தலைக்கனத்தை யாரும் சிரித்துக்கொண்டு சொல்வதில்லை. மேலே சொன்ன சோதனையை ஒவ்வொன்றுக்கும் வைத்துப் பாருங்கள்; கூடவே நம் வீடுகளைப் பற்றியும் சில விஷயம் தெரியவரும்.

உடம்பு தவிர இன்னொரு கருவி இருக்கிறது. இலக்கணக்காரர்கள் இடைச்சொல் என்று ஓர் ஓரத்தில் தள்ளிவிடுகிற ‘தான்’. ‘பையன் நல்லவன்’ என்று தரகர் சொன்னால் பெண்ணைப் பெற்றவர்கள் நிம்மதியாகக் காபி குடிப்பார்கள். ‘பையன் நல்லவன்தான்’ என்று சொல்லிவிட்டுத் தரகர் தம்ளரைக் கையில் எடுத்தால், பெண்ணின் அம்மா சமையலறையிலிருந்து வெளியே வந்துவிடுவாள். அந்தத் ‘தான்’ ஒரு மடித்த காகிதம். பிரித்தால் உள்ளே ஒரு ‘ஆனால்’ இருக்கும், அதற்கு அடுத்து ஒரு ‘கொஞ்சம்’ இருக்கும். நல்லவன்தான், ஆனால் கொஞ்சம் முன்கோபம். நல்லவர்தான், ஆனால் குடை மட்டும் கேட்டுவிடாதீர்கள். ஃபாய்பிளின் முழுத் தொனியும் அந்த ஓர் அசையிலும் அந்தக் ‘கொஞ்ச’த்திலும் உட்கார்ந்திருக்கிறது. எதிரியைப் பற்றிப் பேசும்போது யாரும் இப்படி மடித்துப் பேசுவதில்லை.

பழைய இலக்கியத்தில் இந்தத் தொனிக்கு மிக நெருங்கியது நாலடியார். நட்பிற் பிழைபொறுத்தல் என்ற அதிகாரத்தின் முதல் பாட்டு, 221. நல்லவர் என்று விரும்பிச் சேர்த்துக்கொண்டவர் அப்படி இல்லை என்று தெரிந்தாலும் அதை வெளியே விடாமல் அடக்கிக்கொள்ள வேண்டும் என்று தொடங்கி,

நெல்லுக் குமியுண்டு நீர்க்கு நுரையுண்டு
புல்லிதழ் பூவிற்கும் உண்டு

என்று முடிகிறது. நெல்லுக்கு உமி, நீருக்கு நுரை, பூவுக்குப் புல்லிதழ். புல்லிய இதழ், அதாவது மதிப்பில்லாத வெளி இதழ். பள்ளித் தாவரவியல் புத்தகத்தில் புல்லி வட்டம், புல்லி இதழ் என்று படித்திருப்பீர்களே, மொட்டைச் சுற்றிப் பச்சையாக இருப்பது, அதைத்தான் சொல்கிறார். ஃபாய்பிளுக்கு உவமை கேட்டால் மூன்றில் எதைக் கொடுப்பது? உமி உயிருள்ள மனிதருக்குக் கொஞ்சம் அதிகம். குத்தினால் போய்விடும், குடைக்காரரின் குணம் போகாது. நுரை அதுவாகவே அடங்கிவிடும். புல்லிதழ்தான் சரி. பூ இருக்கும்வரை இருக்கும்.

நீங்கள் கோத்தகிரிக்காரர் என்பதால் இதைப் பசுமைக்குடிலிலேயே பார்க்கலாம். கார்னேஷன் பயிரிடுகிறவர்கள் பயப்படுவது புல்லி வெடிப்புக்கு. இரவுக் குளிரும் பகல் வெப்பமும் ஏறி இறங்கினால் அந்தப் பச்சை உறை ஒரு பக்கமாகப் பிளந்துகொள்ளும். இதழ்களைச் சேர்த்துப் பிடித்திருந்தது அதுதான் என்பது அப்போதுதான் தெரியும். பூ ஒரு பக்கமாகச் சரிந்து தொங்கும். கொத்தில் வைக்க முடியாது, விலையும் போகாது. அதனால் விரியும் முன்பே சில இடங்களில் மொட்டுக்கு ஒரு சின்ன ரப்பர் வளையம் மாட்டிவிடுகிறார்கள். என் மாணவர் ஒருவருடைய குடிலில் ஒரு நாள் காலையில் நானும் நாற்பது, ஐம்பது மொட்டுக்கு மாட்டினேன். நாலடியாரைப் பாடிய சமண முனிவர் புல்லிதழைக் கொஞ்சம் குறைத்து மதிப்பிட்டுவிட்டாரோ என்று எனக்குத் தோன்றியது. குடையைக் கேட்டால் தந்துவிடுகிற அந்தப் பெரியவரை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை. யாரோடும் அரை மைல் நடக்கமாட்டார் அவர்.

இப்போது உங்கள் வாக்கியம். பெயர்ச்சொல்லைத் தேடி அலையாமல், தமிழ் வீட்டில் அதை எப்படிச் சொல்வார்கள் என்று யோசித்து நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்: ‘தாத்தா நல்லவர்தான், அவருக்கென்று சில குணங்கள் இருந்தன. வீட்டில் எல்லோருக்கும் அவை பழகிப்போயிருந்தன.’ குணம் என்றால் நல்லது ஆயிற்றே என்று ஆசிரியர் கேட்டால், ‘அவருக்கென்று’ என்ற சொல்லைக் காட்டுங்கள். ‘அது அவர் குணம்’ என்று தமிழில் யாரும் பாராட்டாகச் சொல்வதில்லை. பெயர்ச்சொல் ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தால், ‘தாத்தாவிடம் சின்னச் சின்னக் குறைகள் இருந்தன’ என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். முழு மதிப்பெண் கிடைக்கும். எனக்கு அது அரை மதிப்பெண் விடைதான், ஆனால் தாளைத் திருத்துவது நான் இல்லை.